ஓடிப் போன பூமி

பேரணாம்பட்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "அங்கே என்ன விசேஷம்? தோல் பை வாங்கப் போனாயா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் பிடித்து ஊரை நெருங்கும்போதே, 'வந்துவிட்டோம்' என்று கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். சுற்றிலும் மலை; நடுவிலே தோல் ஷாப்புகள். அந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், தோலோடு ஏதாவதொரு சம்பந்தம் இருக்கும்.

ஆனால் நான் போனது தோலுக்காக அல்ல. அங்கே என் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் பார்த்தது ஒரு பூமியை. அந்தப் பூமி சூரியனை விட்டு ஓடிப் போய்க்கொண்டிருந்தது!

அக்காவின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் இலவசமாகக் கொடுத்த லாப்டாப் இப்போது இவள் கைக்கு வந்திருக்கிறது. மூடி கொஞ்சம் ஆடுகிறது, மற்றபடி பழுதில்லை. நான் உள்ளே நுழைந்தபோது அதன் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலே கண்காட்சி, சித்தி. சூரியனைப் பூமி சுத்துற மாதிரி நானே புரோகிராம் எழுதறேன்னு பேர் கொடுத்துட்டேன். இங்கே பாருங்க, சுத்த மாட்டேங்குது."

பார்த்தேன். கறுப்புத் திரையில் மஞ்சளாக ஒரு சூரியன். நீலமாக ஒரு பூமி. பூமி அழகாகத்தான் புறப்பட்டது. ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கு வராமல் கொஞ்சம் தள்ளி வந்து நின்றது. அடுத்த சுற்றில் இன்னும் தள்ளி. கொசுவர்த்திச் சுருளை நடுவிலிருந்து வெளியே வரைந்தாற்போல் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னிக்குப் புதன்கிழமை. கூடப் படிக்கிறவங்க ரெடிமேடா ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க. அழகாச் சுத்துது. அதையே வாங்கிப் போட்டுட்டா என்னன்னு அம்மா கேக்கறாங்க."

அடுப்படியிலிருந்து அக்கா, "நான் சொன்னதிலே என்ன தப்பு? பார்க்க வர்றவங்களுக்குப் பூமி சுத்தணும். யார் சுத்த வெச்சாங்கன்னா பார்க்கப் போறாங்க?" என்றாள்.

வாசகியரே, இந்தக் கேள்வியை லேசாக எண்ணிவிடாதீர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் விஷயத்திலும் இதே கேள்விதான் எழுந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

கோலம் போடும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் புரோகிராம் என்றாலே நம்மில் பலருக்கு பாங்கும் பில்லும்தான் ஞாபகம் வரும். படம் போடுவதற்காகவே புரோகிராம் எழுதுகிற ஒரு கலையும் இருக்கிறது. 'கிரியேட்டிவ் கோடிங்' என்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விச்சாலையில் கேசி ரியாஸ், பென் ஃபிரை என்ற இருவர் 2001-ல் 'பிராசஸிங்' என்று ஒரு சாதனத்தை இதற்காக உண்டாக்கினார்கள். எஞ்சினீயர்களுக்கு அல்ல, சித்திரக்காரர்களுக்கு. அதன் வழியில், லாரன் மெக்கார்த்தி என்ற பெண்மணி 2013-ல் தொடங்கிய 'பி-ஃபைவ் ஜே.எஸ்.' என்பதைத்தான் எங்கள் பெண் உபயோகிக்கிறாள். காசு கிடையாது.

'வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த புது வித்தை' என்று நினைத்தால், அதுவும் முழு நிஜம் இல்லை. நம் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலத்துக்கும் கம்ப்யூட்டர் இலக்கணத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். புள்ளி வைத்து, 'இந்தப் புள்ளிக்கு இப்படி வளை, அடுத்த புள்ளிக்கு இப்படி வளை' என்று விதி சொல்லிக்கொண்டே போனால் கோலம் தானாக வந்துவிடுகிறது அல்லவா? புரோகிராமும் அதுதான். மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா?

சரி, பூமியைச் சுற்ற வைக்க என்ன விதி சொல்ல வேண்டும்? 'வட்டம் போடு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கண்காட்சிக்கு அது போதும். ஆனால் அது வட்டம், பூமி அல்ல. எங்கள் பெண்ணின் பிடிவாதம் வேறு. 'வட்டம்' என்ற வார்த்தையே புரோகிராமில் வரக் கூடாது. சூரியன் இழுக்க வேண்டும். பூமி விழ வேண்டும். விழுந்துகொண்டே சுற்ற வேண்டும்.

கடுகளவு விழும் சந்திரன்

"விழுந்தா விழ வேண்டியதுதானே? எப்படிச் சுத்தும்?" என்று கேட்டாள் ஆயா. ஆயா என்றால் எங்கள் அம்மா, பேத்திக்கு ஆயா. எண்பது வயசு. கேட்டது நியாயமான கேள்வி. நியூட்டன் யோசித்ததும் இதைத்தான்.

ஒரு மாங்காயைக் கையிலிருந்து விட்டால் முதல் விநாடியில் ஏறக்குறைய 4.9 மீட்டர், அதாவது 16 அடி விழுகிறது. அதையே பக்கவாட்டில் வீசினாலும், முன்னால் போகிறதே தவிர, விழுவதும் அதே 16 அடிதான். இப்போது பூமியின் உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் 7.9 கிலோமீட்டர் போனால் பூமியின் பரப்பு நமக்குக் கீழே சுமார் 4.9 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே விநாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மாங்காயை வீச முடிந்து, காற்றும் மலையும் குறுக்கிடாமல் இருந்தால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் இறங்கிக்கொண்டே போகும். மாங்காய் விழுந்துகொண்டே இருக்கும். தரையைத் தொடவே தொடாது.

சந்திரனும் அப்படித்தான். பூமியின் நடுவிலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப் போல் அது 60 மடங்கு தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்கு. 60 மடங்கானால் 60-ஐ 60-ஆல் பெருக்கி வரும் 3,600-ல் ஒரு பங்கு. அந்த 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். ஒவ்வொரு விநாடியும் சந்திரன் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் போகிறது. நம்மை நோக்கி ஒரு கடுகளவு விழுகிறது. அந்தக் கடுகு இல்லாவிட்டால் பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். அவர் உடனே தம் தொழிலுக்கு வந்துவிட்டார். தோலைப் பதனிடுகிற இடத்தில் பெரிய பெரிய மரப் பீப்பாய்கள் சுற்றிக்கொண்டிருக்கும், 'டிரம்' என்பார்கள். "டிரம்மை மெதுவாத்தான் சுத்தணும். தோல் மேலே ஏறி ஏறித் தொப்புன்னு விழணும். விழ விழத்தான் மருந்து உள்ளே இறங்கும். வேகத்தைக் கூட்டினா தோல் பலகையோட ஒட்டிக்கிட்டு விழாமலே சுத்தும்" என்றார். ரொம்ப சரி. அங்கே தோலை உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்திருப்பது பலகை. வானத்தில் பலகை ஏது? இருக்கிறதெல்லாம் இழுப்பு ஒன்றுதான்.

நாலு வரிப் புரோகிராம்

எங்கள் பெண் எழுதியிருந்ததைச் சுருக்கினால் நாலே நாலு காரியம். முதலில், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்து, இந்த இடத்தில் இழுப்பு எவ்வளவு என்று கணக்கிடு. இரண்டு, இப்போது இருக்கிற வேகத்தில் பூமியை ஒரு நாள் நகர்த்து. மூன்று, இழுப்பை வேகத்தில் சேர். நாலு, ஒரு புள்ளி வை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பி.

இதில் என்ன தப்பு? எனக்குத் தெரியவில்லை. நான் காலேஜில் படித்தவள்தான். ஆனாலும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாளுக்கு ஓர் அடி என்பதை அரை நாளுக்கு ஓர் அடி என்று மாற்றிப் பார்த்தாளாம். விலகுவது பாதியாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்னும் பாதியாக்கினாள், பிழையும் பாதியாயிற்று. இப்படியே போனால் லாப்டாப்பின் விசிறி இரைகிற இரைச்சலில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. அவளுடைய முதல் கணக்குப்படி நாம் எல்லாரும் சுமார் நாலு வருஷத்தில் செவ்வாயின் பாதைக்குப் போய்விடுவோம்; பத்து வருஷத்தில் சூரியன் இன்றைக்கு இருப்பதைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குப் போயிருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். "லாப்டாப்பை மூடு. கையாலே போட்டுப் பார்க்கலாம்."

மொட்டை மாடியில் கோலமாவால் இருபத்திநாலுக்கு இருபத்திநாலு புள்ளி வைத்தோம். நடுவில் சூரியனுக்கு ஒரு குங்குமச் சிமிழ். ஆயாவின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து சோழிகள். அடுப்படியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை. சூரியனுக்குக் கிழக்கே பத்துப் புள்ளி தள்ளிப் பூமியை வைத்தோம். அதன் வேகம், ஓர் அடிக்கு வடக்கே மூன்று புள்ளி. இழுப்பு, பத்துப் புள்ளித் தூரத்தில் ஓர் அடிக்கு ஒரு புள்ளி. கிட்டே போனால் கூடும்: எட்டுப் புள்ளியில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். தள்ளிப் போனால் குறையும்: பதினொன்றில் ஐந்தில் நாலு பங்கு. இந்த அட்டவணையை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட நோட்டே போதும்.

முதலில் பெண்ணின் விதிப்படி புளியங்கொட்டை வைத்துக்கொண்டு போனோம். முதல் அடி நேரே வடக்கே மூன்று புள்ளி. அங்கிருந்து சூரியனுக்குத் தூரம் அளந்தால் பத்து இல்லை, பத்தே கால் தாண்டிவிட்டது. அடுத்த அடியில் பத்தே முக்கால். மூன்றாவதில் பதினொன்றேகால். மூன்று கொட்டை வைப்பதற்குள் பூமி ஓடத் தொடங்கியது கண்ணெதிரே தெரிந்தது.

ஆயா சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, சூரியன் இழுத்துக்கிட்டே இருக்குன்றே. அப்போ முதல் அடியை மட்டும் எதுக்கு இழுக்காத மாதிரி நேரா வெச்சே? இழுத்துட்டு அப்புறம் நகத்தேன்" என்றாள்.

பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சோழிகளை எடுத்தாள். இந்தத் தடவை இழுப்பை முதலில் வேகத்தில் சேர்த்தாள். அந்தப் புது வேகத்தில் பூமியை நகர்த்தினாள். முதல் சோழி வடக்கே மூன்று, சூரியன் பக்கம் ஒன்று. இரண்டாவது, மூன்றாவது... நாலாவது சோழி சூரியனுக்கு நேர் வடக்கே, எட்டுப் புள்ளித் தூரத்தில் வந்து நின்றது. மேற்கே திரும்பியது. தெற்கே போனபோது பதினொரு புள்ளி வரைக்கும் விலகியது. 'ஐயோ, போய்விட்டது' என்று நினைத்தேன். போகவில்லை, வளைந்து வந்தது. பதினெட்டாவது சோழி, புறப்பட்ட இடத்துக்கு ஒன்றரைப் புள்ளி தள்ளி வந்து உட்கார்ந்தது!

மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தோம். வட்டம் இல்லை, முட்டை போலக் கொஞ்சம் நீண்டிருந்தது, சூரியனும் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக இருந்தது. கிட்டே இருந்த இடத்தில் சோழிகள் தள்ளித் தள்ளி; தூரத்தில் நெருக்கமாக. கிட்டே போனால் பூமி விரைகிறது, தூரத்தில் நிதானிக்கிறது என்று அர்த்தம். 1609-ல் கெப்லர் வெளியிட்ட விதிகள் இவைதாம். செவ்வாய் கிரகத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்று அவர் கண்டுபிடித்தது இது. நாங்கள் 'நீள்வட்டம்' என்று யாரிடமும் சொல்லவில்லை. இழு, நகர்த்து, இழு, நகர்த்து என்றுதான் சொன்னோம்.

கீழே ஓடிப் போய்ப் புரோகிராமில் இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் இடம் மாற்றினாள். வேறு ஓர் எழுத்தையும் தொடவில்லை. பூமி சுற்றியது. பத்து வருஷம், நூறு வருஷம் ஓடவிட்டோம். போன வழியே வந்தது.

இதிலும் பிழை இல்லாமல் இல்லை. ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் கூடினது மறு பக்கம் குறைந்து நேராகிவிடுகிறது. குடும்ப பட்ஜெட்டில் ஒரு மாசம் துண்டு விழுந்து அடுத்த மாசம் மிச்சமாவதில்லையா? பழைய முறையிலோ அது வட்டிக் கடன் மாதிரி. ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களைப் புரட்டினபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பேராசிரியர் ஆலன் குரோமர் என்பவர் 1981-ல் இதே வரி மாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அதைத் தற்செயலாகக் கண்டவள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவி என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷர்!

சோழிக் கணக்கர்

இப்போது புதுச்சேரிக்கு வருகிறேன்.

ஜான் வாரன் என்று ஒரு துரை இருந்தார். பேரணாம்பட்டுக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். 1802-ல் அந்தப் பக்கம் நில அளவைக்குப் போனபோது, மண்ணிலே தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிராமத்து ஜனங்களைக் கொண்டு மண்ணைக் கழுவிப் பார்த்தவர் அவர்தான். பிறகு சென்னை வான சாஸ்திர நிலையத்தின் பொறுப்பைச் சில வருஷம் வகித்தார். நம்முடைய பஞ்சாங்கக் கணக்குகள் எப்படிப் போடப்படுகின்றன என்று அறிய ஆசைப்பட்டு, 1825-ல் 'கால சங்கலிதம்' என்று ஒரு பெரிய புத்தகத்தைச் சென்னையில் வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்துக்காக அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். சாமிநாதன் சேஷய்யா என்று பெயர் என்பதாக அவர் எழுதியதிலிருந்து ஊகிக்கலாம். அவரிடம் காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். கூட்டினார், கழித்தார், பெருக்கினார், வகுத்தார், எல்லாம் சோழியில். அட்டவணைகள் முழுக்க மனப்பாடம். எண்களை எழுத்துக்களாக மாற்றி, வாக்கியங்களாகச் செய்து, பாட்டுப் போல நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். அப்படியே 1825-ம் வருஷம் மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார்.

முடிவு என்ன தெரியுமா? கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 4 நிமிஷம்தான் வித்தியாசம். நடுவில் 23 நிமிஷம். விடும்போது 52 நிமிஷம். கடைசிக் கணக்கு சற்று உதைக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் தரையில் சோழி வைத்து வானத்தில் இருட்டைக் கண்டுபிடிப்பதென்றால்!

உங்கள் வீட்டில் 'வாக்கியப் பஞ்சாங்கம்' இருந்தால் அந்தப் பெயரில் உள்ள 'வாக்கியம்' இதுதான். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. 248 நாளில் சந்திரன் பூமிக்குக் கிட்டே வந்து விலகும் சுற்றை ஏறக்குறையச் சரியாக 9 தடவை முடித்துவிடுகிறது. அதனால் திரும்ப முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! திருக்கணிதப் பஞ்சாங்கம் என்பது பின்னால் வந்த அளவுகளைக் கொண்டு திருத்தியது. இரண்டுக்கும் நடுவில் திதி சில நாழிகை முன்பின்னாகி, 'அமாவாசை இன்றைக்கா நாளைக்கா' என்று வீட்டில் சண்டை வருவது நமக்குப் புதிதல்ல.

வாரன் துரை ஒன்று எழுதுகிறார். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. சேஷய்யாவைத் தாம் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார். ஏனென்றால் அவருக்கு வான சாஸ்திரத் தத்துவம் ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். ஞாபக சக்தி மட்டும் அபாரமாம். தத்துவம் தெரியாமலே முறை எப்படி வழிவழியாக வருகிறது என்று பார்ப்பது துரையின் நோக்கம்.

அந்த மனிதரைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ தலைமுறைக் கணக்கைத் தலையில் சுமந்து வந்து ஒப்படைத்தவர். ஆனால் 52 நிமிஷம் தவறியபோது, எங்கே தவறியது என்று அவரால் தேடியிருக்க முடியுமா? வாக்கியம் பிசகினால், பிசகின வாக்கியத்தைத்தான் மறுபடி சொல்ல முடியும். அக்கா சொன்ன ரெடிமேட் புரோகிராமும் அப்படித்தான். சுற்றுகிற வரைக்கும் சுற்றும். நின்றுவிட்டால் வாங்கினவரிடமே ஓட வேண்டும். ஓடிப் போன பூமியை எங்கள் பெண்ணால் பிடித்துக்கொண்டு வர முடிந்ததென்றால், ஓடவிட்டவளும் அவளே என்பதால்தான்.

சாப்பாட்டு மேஜையில் வால் நட்சத்திரம்

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த இழு-நகர்த்து வேலையை மனிதர்களே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்; அதிலும் பெண்கள்.

ஹாலி வால் நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று ஹாலி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வழியில் வியாழனும் சனியும் அதைப் பிடித்து இழுக்குமே, எவ்வளவு தாமதமாகும்? பாரிஸில் கிளேரோ, லாலாண்ட் என்ற இரு சாஸ்திரிகளும், அரசாங்கக் கடிகாரக்காரரின் மனைவியான நிக்கோல் லெப்போட் அம்மாளும் ஆறு மாசத்துக்கு மேல் காலையிலிருந்து இரவு வரை கணக்குப் போட்டார்கள். சில நாள் சாப்பிடும்போதுகூட எண்தானாம். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிகவும் கிட்டே வரும், ஒரு மாசம் முன்பின்னாகலாம் என்றார்கள். மார்ச் 13-ந் தேதி வந்தது. பிற்பாடு கிளேரோ எழுதிய புத்தகத்தில் அந்த அம்மாளின் பெயரை விட்டுவிட்டார். லாலாண்ட் விடவில்லை, அவர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

1962 பிப்ரவரியில் ஜான் கிளென் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றப் போகுமுன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கைக் காதரின் ஜான்சன் என்ற கறுப்பின அம்மையார் கையால் சரிபார்த்துச் சொன்னால்தான் ஏறுவேன் என்று கேட்டுக்கொண்டது பிரசித்தமான கதை. நம் பக்கத்திலும் குறைவில்லை. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய ஆதித்யா விண்கலம், 2023 செப்டம்பர் 2-ந் தேதி புறப்பட்டு, 2024 ஜனவரி 6-ந் தேதி தன் இடத்தை அடைந்தது. அது சுற்றுகிற இடத்தில் கிரகம் ஒன்றும் கிடையாது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சேர்ந்து அதைப் பூமியோடு கூடவே அழைத்துச் செல்கிற ஒரு வெற்றிடம். அங்கே ஒன்றைச் சுற்ற வைக்க வேண்டுமானால் எத்தனை கோடி சோழி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

வரைபடத்தில் பேரணாம்பட்டிலிருந்து தெற்கே ஓர் அடிகோலை வைத்தால், சுமார் நாற்பது கிலோமீட்டரில் ஜவ்வாது மலை மேல் காவலூர் வந்துவிடும். 1968-லிருந்து அங்கே வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதை உண்டாக்கிய வைணு பாப்புவின் பெயரையே இப்போது தாங்கி நிற்கிறது. 1988 பிப்ரவரி 17-ந் தேதி அங்கே ஆர். ராஜமோகன் ஒரு சின்னஞ்சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். இந்தியாவிலிருந்து அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நட்சத்திரப் படத்தில் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டால் போதாது. நாலு நாள் மேகம் மூடினால் அது எங்கே போயிற்றென்று தெரியாது. கிடைத்த சில புள்ளிகளிலிருந்து, சூரியன் அதை எப்படி இழுக்கிறது, அடுத்த மாசம் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டால்தான் மறுபடி அதைப் பிடிக்கலாம். பிடித்த பிறகுதான் அதற்கு எண்ணும் பெயரும். இதை நான் சொன்னதும் எங்கள் பெண், "அதையும் என் புரோகிராம்லே போட முடியுமா, சித்தி?" என்று கேட்டாள். "முதலில் நாளைக்குக் கண்காட்சி முடியட்டும்" என்றாள் அக்கா.

கண்காட்சியில் ரெடிமேட் சூரிய மண்டலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். சனிக்கு வளையமெல்லாம் பளபளவென்று இருந்ததாம். எங்கள் பெண்ணின் மேஜைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு சின்னப் பையன் வந்து, "அக்கா, சூரியன் திடீர்னு காணாமப் போயிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறான். இவள் இழுப்பு என்ற இடத்தில் பூஜ்யத்தைப் போட்டாள். பூமி அந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் புறப்பட்டுத் திரையை விட்டே போய்விட்டது. பையன் கை கொட்டிச் சிரித்துவிட்டு, "திரும்பப் போடுங்க, திரும்பப் போடுங்க" என்று பத்துத் தடவை போடச் சொன்னானாம். பக்கத்து மேஜையில் அதைக் கேட்டவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் புரோகிராமில் இழுப்பு என்ற வரியே கிடையாது.

அன்று ராத்திரி ஆயா பல்லாங்குழிப் பெட்டியைத் திறந்து சோழிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. வீடெல்லாம் தேடினோம். கடைசியில் பெண்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சூரியனுக்குக் கிழக்கே, பத்தாவது புள்ளியில், வைத்தது வைத்தபடி இருந்தது.